கைப்பிடி வேண்டாமென்ற நபீசா

திருமலைராயன்பட்டினத்தில் நபீசாவின் வாய்க்குப் பயப்படாத பெண்கள் குறைவு. "இந்தத் துணியப் பாத்துத்தான் எடுத்தீங்களா, இல்ல கடைக்காரன் உங்க தலையில கட்டிட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் அளவு நாடாவையே கையில் எடுப்பாள். வந்தவள் முகம் சுருங்கிப்போகும். ஆனாலும் அடுத்த பெருநாளுக்கு அவள் அதே வாசலில்தான் வந்து நிற்பாள். நபீசா தைத்த அங்கி கக்கத்தில் பிடிக்காது, தோளில் இழுக்காது, அடி சுற்றிலும் ஒரே மட்டமாக நிற்கும். அவளுடைய வாயைப் பொறுத்துக்கொண்டால் உடம்புக்கு நல்ல உடுப்பு கிடைக்கும் என்று பெண்கள் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதை அவள் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

பதினேழு வயதில் அவளுக்கு நிக்காஹ் ஆயிற்று. மாப்பிள்ளை சஃபியுல்லா மூன்று வருடம் குவைத்தில், மூன்று மாதம் ஊரில் என்று காலம் தள்ளிய சபராளி. முதல் சபரிலிருந்து திரும்பியபோது மற்ற ஆண்கள் பெண்டாட்டிக்கு சென்ட்டும் சேலையும் கொண்டுவந்தார்கள். இந்த மனுஷன் காரைக்காலில் இறங்கி, காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்றை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "நான் இல்லாதப்ப பொழுது போவும்ல" என்றார். நபீசாவுக்கு அன்றைக்கு வந்த கோபத்தை அவள் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பொழுதுபோக்க வந்த அந்த மெஷின்தான் பிறகு வயிற்றைக் கழுவியது. மகள் நௌஷினுக்கு நாலு வயதாக இருக்கும்போது சஃபியுல்லா குவைத்திலேயே மௌத்தாகி அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். நபீசா, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய முறைப்படி, நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்தாள். அது முடிந்த மறுநாள் காலையில் மெஷினில் உட்கார்ந்தவள்தான். பதினைந்து வருடமாக எழுந்திருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அவளுக்கு இருந்தது ஒரே வைராக்கியம். நௌஷினின் கை அந்த மெஷினில் படக்கூடாது. நௌஷின் படிக்க வேண்டும், பட்டம் வாங்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போக வேண்டும். ஊரில் எத்தனையோ பெண்கள் கல்யாணம் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று தையல் பழகுகிறார்கள். நௌஷினுக்குச் சட்டைப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டாள் உம்மாக்காரி. சின்ன வயதில் ஒருநாள் அந்தப் பிள்ளை ஆசையாக மெஷின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்ததற்கு, மர ஸ்கேலால் விரல் கணுவில் ஒரு போடு போட்டாள். "இதுல ஒரு தடவ ஒக்காந்தா எந்திரிக்க விடாது" என்றாள். காரைக்கால் கல்லூரியில் கணக்குப் பிரிவில் இடம் கிடைத்த அன்றைக்குத் தெருவே மிரள்கிற மாதிரி வீட்டுக்கு வீடு பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினாள்.

இப்படி எல்லாவற்றையும் திட்டம் போட்டவள் தன் காலைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. வந்தது தெரியாமலே இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒருநாள் கடைத்தெருவிலிருந்து வருகிறாள், வலது கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். வாசலில் நௌஷின் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பாதம் முழுக்கக் கொப்புளம். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா ஒரு மெல்லிய கம்பியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். எட்டு இடத்தில் தொட்டதில் நபீசாவுக்கு ஒன்றுதான் தெரிந்தது. மெத்தென்று அடி வைத்த செருப்பு ஒரு ஜோடி எழுதிக் கொடுத்து, "வெளிய மட்டுமில்ல, வீட்டுக்குள்ளயும் போட்டுக்கணும். தூங்கும்போதுதான் கழட்டணும்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குள் செருப்பு. அதை நபீசாவிடம் யார் சொல்வது? அவர்கள் வீட்டில் ஒரே கூடம். அங்கேதான் மெஷின், அங்கேதான் தொழுகை விரிப்பு.

"புதுசு உம்மா. தெருவுல ஒரு அடி கூட வைக்கல. வீட்டுக்குன்னே வாங்குனது" என்று நௌஷின் செருப்பை எடுத்து வைத்துக் கெஞ்சினாள்.

"புதுசா இருந்தா செருப்பு தொப்பியாயிடுமா? தொழுவுற எடத்துல செருப்போட நடக்கச் சொல்ற. சோறு போடுற மெஷின்ல செருப்புக் கால வைக்கச் சொல்ற. காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?"

"கால்ல உணர்ச்சி இல்லன்னு டாக்டர் சொன்னாங்களே உம்மா."

"அப்பயும் மெஷின் ஓடுதுல்ல?"

அது என்னவோ உண்மை. மெஷின் ஓடத்தான் ஓடியது. கால் மெஷினில் உட்காருகிறவர்கள் யாருமே செருப்போடு உட்கார மாட்டார்கள். மிதிப்பலகையின் இரும்பு பாதத்தில் படவேண்டும், அப்போதுதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வரும் என்பது தொழில் வழக்கம். நபீசாவின் பாதத்துக்கு அந்த இரும்பு தெரியாமல் போய் மாதக்கணக்காகிவிட்டது. ஆனாலும் தொடைக்கும் முழங்காலுக்கும் இருபத்தேழு வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். செருப்பு ஜோடி பெட்டியிலேயே இருந்தது.

நோன்புக்கு ஒரு மாதம் முன்னால் அது நடந்தது. ஒரு வீட்டில் குழந்தைக்கு நாற்பதாம் நாள் என்று வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்கள். தைத்துக்கொண்டிருக்கும்போது ஊசி டக்கென்று முறிந்தது. ஊசி முறிந்தால் தையல்காரர்கள் முதலில் துண்டுகளைத் தேடிப் பொறுக்குவார்கள். உள்ளங்கையில் வைத்து ஒட்டிப் பார்த்து, ஊசி முழுசாக வந்த பிறகுதான் அடுத்த ஊசி மாட்டுவார்கள். நபீசாவின் உள்ளங்கையில் முனை மட்டும் வரவில்லை.

பச்சைப் பிள்ளை போடப்போகிற சட்டை. அடித்த தையல் முழுவதையும் பிரித்தாள். துணியை உதறினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கன்னத்தில் வைத்து அங்குலம் அங்குலமாக இழுத்துப் பார்த்தாள். காந்தம் வைத்துத் தரையெல்லாம் துழாவினாள். மிதிப்பலகைக்கு அடியிலும் காந்தத்தை விட்டு எடுத்தாள். தன் காலை மட்டும் பார்க்கவில்லை. மனசு ஆறாமல், தன்னிடமிருந்த துணியிலிருந்து வேறு வெள்ளை எடுத்துப் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தனுப்பினாள். பிறத்தியார் பிள்ளைக்காக அவ்வளவு பார்த்தாள் அந்தப் பாவி. முனை அவள் வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஐந்தாம் நாள் கூடத்தைத் துடைத்த நௌஷின், தரையில் மஞ்சளாக ஒரு கோடு மெஷினிலிருந்து அடுப்படி வரைக்கும் போவதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் காலை எக்ஸ்ரே படம் எடுத்ததில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "அஞ்சு நாளா வலிக்கலையா?" என்று டாக்டரம்மா கேட்டார். "வலிச்சா வராம இருப்பனா?" என்றாள் நபீசா. சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மகளையும் கூட நிறுத்திவைத்துச் சொன்னார். "மூணு மாசம் இந்தக் கால் எதையும் மிதிக்கக் கூடாது. தையல் மெஷின் கண்டிப்பா கூடாது. தைக்கணும்னா கையால சுத்துற மெஷின்ல தைங்க. மீறி மிதிச்சீங்கன்னா அடுத்த தடவ விரலோட நிக்காது."

மூன்று மாதம் என்றால் நோன்பும் பெருநாளும் அதற்குள் வந்து போய்விடும். வருடத்துத் தையலில் பாதி அந்த நாற்பது நாளில்தான். நௌஷின் காரைக்காலுக்குப் போய் மெஷின் பழுது பார்க்கிற உத்திராபதியை அழைத்து வந்தாள். அறுபது வயதுக்காரர். அங்கே கோவில்பத்திலிருந்து ஒரு பழைய மொபெட்டில் சாமான் பெட்டியோடு வருவார். ஊரில் பாதி மெஷின்களுக்கு அவர்தான் வைத்தியர். அவர் மிதிப்பலகையால் ஓடுகிற பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, மெஷினின் வலப்பக்கச் சக்கரத்தில் மரக்குமிழ் வைத்த கைப்பிடி ஒன்றை முடுக்கினார்.

"இப்ப இது கை மெஷின் தங்கச்சி. வலது கையால சுத்துங்க, எடது கையால துணியத் தள்ளுங்க. கொஞ்சம் பொறுமையா போவும், அவ்வளவுதான்."

நபீசா சுற்றிப் பார்த்தாள். நேர்த் தையல் ஓடியது. அங்கியின் கையை வைத்துத் தைத்தபோதுதான் சங்கதி தெரிந்தது. வளைவில் மேல் துணியை ஒரு கை பிடித்து இழுக்க வேண்டும், அடித்துணியை இன்னொரு கை நெகிழ்த்திக் கொடுக்க வேண்டும். ஒரு கை சக்கரத்தில் மாட்டிக்கொண்டால் மற்றது என்ன செய்யும்? அடித்துணி நழுவி, தோளில் சுருக்கம் சுருக்கமாக விழுந்தது. பிரித்தாள், மறுபடி தைத்தாள், மறுபடி சுருக்கம். ஒரு அங்கிக் கையை ஒட்டவைக்க ஒரு மத்தியானம் போயிற்று. அதை வாங்குகிறவள் முகத்தில் எறிவாள். நபீசாவாக இருந்தால் நிச்சயம் எறிந்திருப்பாள்.

அப்போது நௌஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க ரெண்டு கையாலயும் பிடிங்க உம்மா. நான் சுத்தறேன்."

நபீசா வாய் திறப்பதற்குள் கைப்பிடி சுழன்றது. துணி சீராக நகர்ந்தது. ஒரு சாண் தூரம் தையல் வழுக்கிக்கொண்டு போயிற்று, ஒரு சுருக்கம் இல்லை. உத்திராபதி, "அட, புள்ளைக்குக் கை வாகா இருக்கே" என்று சொல்லித் தொலைத்தார். நபீசாவுக்கு உடம்பு பற்றியெரிந்தது. மகள் கையைத் தட்டிவிட்டாள்.

"எடு கைய. அண்ணே, இந்தக் கைப்பிடியக் கழட்டுங்க. பெல்ட்டப் போடுங்க."

"தங்கச்சி, டாக்டர் சொன்னத இந்தப் புள்ள எங்கிட்ட சொல்லுச்சு."

"வலது காலத்தான சொன்னாங்க? எடது கால் நல்லாத்தான இருக்கு? எடது காலால மிதிக்கிறேன்."

"எடது கால் மட்டும்னா சக்கரம் பின்னால சுத்தும். நூலு அறும். இந்த வயசுல அது பழகாதுங்க."

"ரெண்டு நாள்ல பழகுதா இல்லையான்னு வந்து பாருங்க."

"மூணு மாசந்தான உம்மா" என்றாள் நௌஷின். "காலேஜு விட்டு வந்து சுத்தறேன். அதுக்கப்புறம் நீங்களாச்சு, உங்க மெஷினாச்சு."

"இன்னிக்கு மூணு மாசம்பே. நாளைக்கு யாராவது வந்து, கை வாகா இருக்குன்னு இன்னொரு தடவ சொல்லுவான். போ, போய்ப் புஸ்தகத்த எடு."

உத்திராபதி கைப்பிடியைக் கழற்றினார். "நான் சொல்ற அளவுக்குச் சொல்லிட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினார். கைப்பிடியை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், தேவைப்படும் என்றார். நபீசா அதையும் அவருடைய பெட்டியிலேயே போடச் சொன்னாள்.

அவள் பிடிவாதக்காரி என்று ஊர் சொல்லும். அன்றைக்கு அது பிடிவாதம் மட்டும் இல்லை, பயம். மகள் அவ்வளவு லாகவமாகச் சுற்றியதைப் பார்த்த பயம்.

சொன்னபடி இரண்டு நாளில் இடது காலைப் பழக்கிவிட்டாள். முதல் நாள் சக்கரம் பின்னால் ஓடி நூல் அறுந்தபடியே இருந்தது. மறுநாள் பாதி அறுந்தது. மூன்றாம் நாள் ஓடியது. வலது காலைத் துணி சுற்றிய ஒரு பலகை மேல் தள்ளி வைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்துக் கட்டப் போகும்போதெல்லாம் டாக்டரம்மா கேட்பார், "மெஷின் மிதிக்கலையே?" நபீசா சொல்வாள், "வலது கால் தொடவே இல்லம்மா, அல்லாஹ் அறிய." அவள் பொய் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை.

நோன்பு பிறந்தது. துணி மூட்டை மூட்டையாக வந்தது. சர்க்கரைக்காரி நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, யாரோ பார்த்துவிட்டதைப் போலக் கூச்சத்தோடு மறுபடி மெஷினில் வந்து உட்காருவாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கவுன், பெரிய பெண்களுக்கு அங்கி, மாமியார்களுக்கு லூசாக ஜாக்கெட். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

இருபதாம் நோன்பு வாக்கில் ஒருநாள் கல்லூரி சீக்கிரம் விட்டது. நௌஷின் மூன்று மணிக்கே வந்துவிட்டாள். கூடத்தில் மெஷின் சத்தம். ஓட்டம் வேகமாக இருந்தது, பழைய வேகம். பையை வைக்கக் குனிந்தவள் மெஷினுக்கு அடியில் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"உம்மா, கால எடுங்க."

"என்னடி?"

"கால எடுங்க உம்மா. வலது கால."

"வலது கால் பலக மேல இருக்கு. எடது காலாலதாண்டி மிதிக்கிறேன்."

"குனிஞ்சு பாருங்க."

நபீசா குனிந்து பார்த்தாள். பலகை காலியாக இருந்தது. மிதிப்பலகையில் இரண்டு கால்களும் இருந்தன. வலது கால்தான் முன்னால் இருந்தது, இருபத்தேழு வருடமாக இருந்த இடத்தில். கட்டுத் துணி கறுத்து, இரும்புப் பலகையின் ஓட்டைகளில் ஈரம் படிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் இன்னும் இரண்டு மிதி மிதித்துவிட்டு நின்றது.

"சத்தியமா தெரியாதுடி" என்றாள். அவளுடைய வாழ்நாளில் மகளிடம் அப்படித் தணிந்த குரலில் பேசியதே இல்லை. "பலக மேல வச்சுட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

எத்தனை நாளாக என்று யாருக்குத் தெரியும்? இடது கால் பழகிவிட்டது என்று அவள் நினைத்த அந்த மூன்றாம் நாளே வலது கால் துணைக்கு வந்திருக்கலாம். உணர்ச்சி இருக்கிற கால் என்றால் இரும்பு பட்டதும் தெரியும், வலிக்கும், எடுத்துவிடுவோம். இந்தக் கால் சத்தமில்லாமல் வேலைக்கு வந்து சத்தமில்லாமல் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளோ துணியையும் ஊசியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நௌஷின் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். நாற்றம் அடித்தது. அந்தப் பெண் முகத்தைத் திருப்பவில்லை.

"நாளைக்கே உத்திராபதி மாமாவ வரச் சொல்றேன். கைப்பிடி போட்டுடுவோம். பெருநாள் வரைக்கும் நான் சுத்தறேன்."

"ஒனக்குப் பரீட்சை வருது."

"அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு."

"இருக்கட்டும். நீ படி. தெரியாமத்தான வச்சேன்? இனிமே வைக்க மாட்டேன்."

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, பழைய துப்பட்டாவைக் கிழித்து வலது காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது. காலையில் உட்காரும்போது கட்டுவாள், சாயங்காலம் அவிழ்ப்பாள். இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை, கால் இறுகுவதும் தெரியவில்லை. பெருநாள் முடியட்டும் என்று ஆஸ்பத்திரிக்கும் போகாமல் அப்படியே பத்து நாள் தைத்தாள். பெருநாளுக்கு முதல் நாள் கடைசி உடுப்பையும் கொடுத்து முடித்தாள். பெருநாள் தொழுகை முடிந்து தெருவே புதுத்துணியில் நடந்தது. அதில் எத்தனையோ அவள் தைத்தவை. அவள் பாயில் காய்ச்சலில் கிடந்தாள்.

பெருநாளின் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால் கணுக்காலுக்கு மேல் வரைக்கும் கறுத்துக்கொண்டு வந்திருந்தது. டாக்டரம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "அவ்வளவு சொல்லியும் ஏன் மிதிச்சீங்க?" என்றார். "நான் மிதிக்கலம்மா. அது மிதிச்சுடுச்சு" என்றாள் நபீசா. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். நௌஷின் அந்த மாதம் ஐந்து பரீட்சையில் இரண்டுதான் எழுதினாள். மற்ற மூன்று நாளும் வார்டில் இருந்தாள்.

ஆடி மாதம் உத்திராபதி வந்தார், யாரும் கூப்பிடாமலே. மெஷின் தலையை ஸ்டாண்டிலிருந்து கழற்றி ஒரு தாழ்ந்த மேஜையில் பொருத்தி, கைப்பிடியை முடுக்கினார். பெல்ட்டை என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. மிச்சமிருக்கிற இடது காலையும் மெஷினில் வைக்கக் கூடாது, உடம்பு முழுதும் இனி அதன் மேல்தான் என்று டாக்டரம்மா கண்டித்திருந்தார். நபீசா சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய வாயைக் கேட்டே பழகிய அந்த மனுஷனுக்கு அது தாங்கவில்லை. "என்னயத் திட்டவாவது செய்யுங்க தங்கச்சி" என்றார். "இருந்து டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள் அவள்.

தனியாகத் தைத்துப் பார்த்தாள். ஒரு அங்கிக்கு நாலு நாள் ஆயிற்று. தோள் மறுபடியும் சுருங்கியது. வாங்கிப்போனவள் அடுத்த துணியை வேறு இடத்தில் கொடுத்தாள். இன்னும் இரண்டு பேர் அப்படியே போனார்கள். அதற்குப் பிறகு நௌஷின் கேட்காமலே சாயங்காலங்களில் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். நபீசா தட்டிவிடவில்லை. முதலில் சாயங்காலம் மட்டும். பிறகு காலையில் ஒரு மணி நேரம். பிறகு வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் கல்லூரிக்கு மட்டம். ஒவ்வொரு தடவையும் நபீசா சொல்வாள், "இதுதான் கடைசி. நாளையிலேர்ந்து ஒழுங்காப் போ." நௌஷின் தலையை ஆட்டுவாள்.

கார்த்திகையில் கல்லூரியிலிருந்து ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள். வருகை குறைந்துபோய்விட்டது, புதன்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் பரீட்சை எழுதலாம், வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். அதே புதன்கிழமைதான் ஆஸியா பீவி வீட்டு நிக்காஹ். மற்றவர்கள் விலகிப்போனபோதும் போகாமல், "நீ தச்சாத்தான் என் மவ போடுவா" என்று கல்யாணப் பெண்ணின் உடுப்பை நபீசாவிடம் கொடுத்திருந்த மகராசி. செவ்வாய்க்கிழமை கரண்ட் இல்லாமல் நாளெல்லாம் இருட்டும் மழையுமாகப் போய்விட்டது. புதன்கிழமை காலையில் கல்யாண உடுப்புக்கு இன்னும் இரண்டு கைகளும் வைக்க வேண்டியிருந்தது.

ஏழு மணிக்கே உட்கார்ந்தார்கள். நௌஷின் கல்லூரிக்குப் போகிற உடுப்பிலேயே ஸ்டூலில் இருந்தாள். கனமான ஜரிகைத் துணி. நபீசா இரண்டு கைகளாலும் பிடித்துக் கொடுக்க, மகள் சுற்றினாள். வளைவு வரும்போது சொல்லாமலே மெதுவானாள். நிறுத்த வேண்டிய இடத்தில் தானாகவே நிறுத்தினாள். முதல் கை முடிந்தபோது எட்டரை. நபீசா தைத்த இடத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை.

"நல்லா சுத்துற" என்றாள். சொன்ன பிறகுதான் தன் வாயா அது என்று இருந்தது.

நௌஷின் கைப்பிடியிலேயே கையை வைத்துக்கொண்டு, கோபம் எதுவும் இல்லாமல், ஒரு கணக்கைப் போட்டுச் சொல்கிறவள்போலச் சொன்னாள்: "அன்னிக்கே விட்டிருந்தீங்கன்னா மூணு மாசந்தான் உம்மா சுத்தியிருப்பேன்."

மகளுக்காகத்தான் காலை விட்டோம் என்று நபீசா இத்தனை மாதமும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கால் போய், அதன் பின்னாலேயே மகளும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாயிற்று.

தெருமுனையில் காரைக்கால் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நௌஷின் தலையைத் தூக்கி உம்மாவைப் பார்த்தாள். பை கதவோரம் இருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். அவள் எழுந்திருக்கவில்லை, உம்மா சொல்லட்டும் என்று காத்திருந்தாள். போ என்று ஒரு வார்த்தை போதும். பத்தொன்பது வருடமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் நபீசா சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேஜையில் உடுப்பின் இன்னொரு கை வெட்டியபடி கிடந்தது. ஆஸியா பீவி வீட்டிலிருந்து பத்து மணிக்கு ஆள் வரும்.

நபீசா அந்தக் கையை எடுத்தாள். தோளோடு சேர்த்து, ஓரத்தை ஓரத்தோடு பொருத்தி, ஊசிக்குக் கீழே வைத்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல், "சுத்து" என்றாள்.